பாவலம்பட்டிக் குருபூசை

திண்டுக்கல்
14.10.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் ரிசீவரை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் என்னை யாரும் பாதியில் நிறுத்த முடியாது.

அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை. கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினால் பாதி வெளியே வழிகிறது. பேச்சு சுத்தமாக இல்லை. 'தண்ணி' என்று கேட்க முயன்று, வராமல், இடது கையால் கட்டிலை அடிக்கிறார். முப்பத்தைந்து வருஷம் தமிழ் நடத்திய மனிதர். அந்த முகத்தை நேரில் பார்த்திருந்தால் நீங்கள் என்னைத் திட்டியிருக்க மாட்டீர்கள்.

ஆனால் பாட்டு வருகிறது. நான் பொய் சொல்லவில்லை. பங்குச்சாமியார் நற்கருணை கொண்டுவந்த அன்று, அவர் ஜெபம் சொல்லி முடித்ததும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

'வற்றிய குளத்துக்கு வானம் உண்டு,
வற்றிய வாய்க்கு உன்னை அன்றி யார் உண்டு?'

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. பாட்டு நின்றதும் பழையபடி ஊமை. பேச்சுக்கும் பாட்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம், பக்கவாதம் வந்த சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். சாமியார் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்ல குரல்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்கள்தான் போனில் அதைக் கேட்டுவிட்டு, "அப்பாவுக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்று என்னிடம் கத்தினீர்கள்.

விசாரித்தேன். அது மாரித் தம்பிரான் பாட்டாம். வேடசந்தூருக்கு அப்பால் பாவலம்பட்டி என்று ஓர் ஊர். பஞ்ச காலத்தில் அவர் அங்கே சிவன் கோவிலில் பாடி மழை வந்து குளம் நிரம்பியதாகச் சொல்கிறார்கள். கார்த்திகையில் அவருக்குக் குருபூசை நடக்கிறது. அப்பா வருஷா வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் "வேடசந்தூர்ல ஒரு வேலை" என்று போவாரே, நினைவிருக்கிறதா? அவருடைய பழைய டைரிகளைப் பார்த்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் 'பா.பட்டி' என்று மட்டும் எழுதியிருக்கிறது.

இந்த வருஷம் நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா? அந்தப் பெயரைச் சொன்னாலே அழுகிறார்.

புஷ்பமேரி


நாக்பூர்
25.10.2001

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவை நீதான் பார்த்துக்கொள்கிறாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் நீ கேட்டதற்கு என் பதில், வேண்டாம்.

நம் தாத்தா பங்குக் கோவிலில் மணியடித்து, ஜெபம் சொல்லிக்கொடுத்த கோவில் பிள்ளை. எழுபத்தாறு வயதில், நாக்கு விழுந்த நிலையில், அப்பாவை இன்னொரு மதத்தின் மண்டபத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தால் ஊர் என்ன சொல்லும்? ஊரை விடு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால்? கடைசி நேரத்தில் நோயில்பூசுதல் கொடுக்கக்கூட அங்கே ஒரு குருவானவர் இருக்கமாட்டார். பாட்டு வருகிறது என்றால் மாதா பாட்டு ஒன்றைத் தினமும் காதில் பாடு. அதுவும் வரும்.

ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எண்பத்துநாலு நவம்பரில் ரோஷனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாங்கள் நாக்பூரிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் ரயிலில் வந்தோம். அப்பா கோவிலுக்கு வரவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்கு வேட்டியெல்லாம் சேறாக வந்து நின்றார். "ஏம்ப்பா?" என்றேன். "போக வேண்டியிருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். முதல் பேரனைவிட அந்தப் பாட்டுக்காரர் பெரிதாகிவிட்டார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது எனக்கு வலிக்கக்கூடாதா?

கூட்டிக்கொண்டு போகாதே.

ஆண்டனிராஜ்


திண்டுக்கல்
27.11.2001

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டிக்கொண்டு போனேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்பட்டுக்கொண்டாவது மிச்சத்தைப் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் காரில் கிளம்பினோம். பின் சீட்டில் அப்பாவை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். வேடசந்தூர் தாண்டும்வரை தூங்கினார். மில் பஸ்கள் போகும் ரோட்டை விட்டுக் கார் மண்பாதையில் திரும்பியதும் விழித்து, இடது கையால் கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். வழி அவருக்குத் தெரிந்திருந்தது.

சின்ன ஊர்தான். கோவிலைவிடக் குளம் பெரிது. குளக்கரையில் தம்பிரான் மண்டபம். ஓலைப் பந்தலுக்குக் கீழே அண்டா அண்டாவாகச் சோறு. பழனிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். காரிலிருந்து அப்பாவை எப்படி இறக்குவது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

"வாத்தியாரய்யா! என்னய்யா இது, இம்புட்டு எளைச்சுப் போயிட்டீக!"

அவர் பெயர் சுருளிவேல். மல்லிகையும் சம்பங்கியும் பயிர் போட்டிருக்கும் சம்சாரி. அப்பாவைக் குழந்தை மாதிரித் தூக்கி, மண்டபத்துக்கு எதிரே இருந்த தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். அவருடைய மனைவி சின்னக்கண்ணு அம்மா காப்பி கொடுத்தார். அதிகம் பேசவில்லை.

"எங்கப்பாவை எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்குச் சொல்லலையா?" என்றார். அப்பாவின் தோளில் நழுவிய துண்டைச் சரியாகப் போட்டார். பிறகு சொன்னார். "எம்மக தமிழ்மதி ஐயாகிட்டத்தான் படிச்சுச்சு. திண்டுக்கல்லுல ஆஸ்டல்ல தங்கி ஏழாப்பு. நல்லாப் பாடும். குருபூசைப் போட்டியில பாட வைக்கணும்னு ஐயா அஞ்சாறு பிள்ளைகளோட இங்க வந்தாரு. எழுபத்தேழாம் வருசம். இந்தப் பாட்டுத்தேன். எம்மகளுக்குத்தேன் மொதப் பரிசு. பாடி முடிச்சிட்டு மூஞ்சி கழுவக் கொளத்துப் படியில எறங்குச்சு. பெருமழை பேஞ்சு கரை முட்டத் தண்ணி. படியெல்லாம் பாசி."

கையை நீட்டிக் குளத்துப் படியைக் காட்டினார். பிள்ளை வழுக்கித் தண்ணீரில் போய்விட்டது என்று புரிந்துகொண்டேன்.

அண்ணே, அந்த வருஷம் நீங்கள் நாக்பூரில், நான் மதுரையில் ட்ரெயினிங் ஆஸ்டலில். பள்ளிக்கூடத்தில் ஏதோ பிரச்சினை, அப்பாவை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள் என்று மட்டும் அம்மா எழுதினார். இருபத்துநாலு கார்த்திகையாக அப்பா அந்தப் பிள்ளை போன நாளில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறார். ரோஷனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றும் அங்கேதான் நின்றார். பாட்டுக்காரருக்காகப் போகவில்லை.

"ஐயா மேல ஒரு குத்தமுமில்லம்மா. போலீசுகிட்டயும் அதத்தேன் சொன்னேன்" என்றார் சுருளிவேல்.

அப்பா பாடினார். இரண்டாவது அடியில் சுருளிவேலும் சேர்ந்துகொண்டார். இரண்டு கிழவர்களும் கையைப் பிடித்துக்கொண்டு பாடியதைப் பார்த்துப் பந்தலில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் அழுதுவிட்டேன். மன்னிப்பு என்று கோவிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

பத்திரமாகத் திரும்பிவிட்டோம். அப்பா இன்று நன்றாகச் சாப்பிட்டார்.

புஷ்பமேரி


நாக்பூர்
9.12.2001

புஷ்பத்துக்கு,

வேண்டாம் என்று சொல்லியும் போயிருக்கிறாய். அது தவறு. நல்லபடியாகத் திரும்பியதால் அது சரியாகிவிடாது.

கடிதத்தை நான்கு தடவை படித்தேன். ரோஷனிடம் படிக்கக் கொடுக்கலாம் என்று நினைத்து, பிறகு மடித்து வைத்துவிட்டேன். அவனுக்கு என்ன சொல்வது? உன் தாத்தா பார்த்துக்கொள்ளாமல் விட்டதால் ஒரு பெண்பிள்ளை செத்தது என்றா? எனக்கே அப்படிச் சொல்லிப் பழகவில்லை.

ஒன்று கேட்கிறேன். அப்பா அதை ஏன் நம்மிடம் சொல்லவில்லை? அம்மாவுக்குத் தெரிந்திருக்குமா? நாம் ஒருநாளும் அவரைக் கேட்கவில்லையே, அது நம் குற்றமா?

இங்கே கோவிலில் தமிழ்மதி பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்தேன். அது சரியா என்றும் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறேன். அப்பாவிடம் சொல்.

ஆண்டனிராஜ்


திண்டுக்கல்
3.2.2002

அண்ணன் அவர்களுக்கு,

அப்பா உங்கள் பொங்கல்வரை காத்திருக்கவில்லை. அதற்காக உங்களைக் குறை சொல்லமாட்டேன். போன் வந்ததும் ஓடிவந்தீர்கள், பெட்டியைத் தோளில் சுமந்தீர்கள். எல்லாம் சரி.

ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் செய்ததை ஒரு மாதமாக விழுங்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

சுருளிவேல் இரண்டு பஸ் மாறி, தன் தோட்டத்துச் சம்பங்கியை மாலை கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். மாலையைப் போடவிட்டீர்கள். பங்குச்சாமியார் கல்லறையை மந்திரித்து முடித்ததும், அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முதல் அடியைத்தான் எடுத்தார். நீங்கள் குறுக்கே போய் நின்றீர்கள். "இது கிறிஸ்தவக் கல்லறை. இந்தப் பாட்டெல்லாம் இங்க வேண்டாம், போயிருங்க" என்றீர்கள். எல்லாருக்கும் கேட்டது. சாமியாரே தலையைக் குனிந்துகொண்டார்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் போய்ப் பிடித்தேன். "பரவாயில்லம்மா, பிள்ளை துக்கத்துல இருக்காரு" என்றார். மகளைப் பறிகொடுத்தவர் உங்களுக்காகப் பரிந்து பேசினார், அண்ணே.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்டு எடுக்கவில்லை, தெரிவிக்கிறேன். குருபூசைப் பாட்டுப் போட்டியில் முதலாவதாக வரும் பெண்பிள்ளைக்கு வருஷா வருஷம் ஒரு பரிசு. 'ராயப்பராஜ் - தமிழ்மதி நினைவுப் பரிசு' என்று அப்பா பெயரையும் அந்தப் பிள்ளை பெயரையும் சேர்த்துக் கல்லில் வெட்டி மண்டபத்தில் பதிக்கப்போகிறோம். சுருளிவேலுக்கு ரொம்பச் சந்தோஷம். இனிமேல் அப்பாவுக்குப் பதிலாக ஒவ்வொரு கார்த்திகையும் நான் போவேன்.

புஷ்பமேரி


நாக்பூர்
20.10.2002

அன்புத் தங்கை புஷ்பத்துக்கு,

எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

போன வாரம் நான் திண்டுக்கல் வந்திருந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. ரயிலடிக்குப் பக்கத்தில் லாட்ஜில் தங்கினேன். உன் வீட்டுக்கு வந்திருந்தால் நீ கூடவே கிளம்பியிருப்பாய். சுருளிவேலிடம் நான் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. யார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். உனக்குத் தெரியாததா?

நான் போனபோது அவர் பூவை மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார். சின்னக்கண்ணு அம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். பக்கத்தில் கிடந்த பலகையை நகர்த்திப் போட்டார்.

"ஒக்காருங்கப்பு. அவுக வரச் செத்த நேரமாகும்."

உட்கார்ந்தேன். கல்லறையில் நடந்ததற்கு அவரிடமாவது வருத்தம் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அத விடுங்க. அன்னைக்கு அவுக வந்து, என்னையப் பாட விடலைன்னு அழுதாக. நான் அடுப்படியில நின்னு, முகம் தெரியாத ஒங்களை மனசுக்குள்ள கும்பிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவர் மொச்சையை உரித்துக்கொண்டே, தலை நிமிராமல் பேசினார். நினைவில் இருக்கும்வரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"பிள்ளைக்கு அன்னைக்குக் காய்ச்சலப்பு. ஒடம்பு அனலாக் கெடந்துச்சு. பாட வேணாம்னு ஐயாகிட்டச் சொன்னேன். 'ஒரு பாட்டுத்தானம்மா, பாடிட்டு வந்து படுத்துக்கிரட்டும்'ன்னாரு. எங்க வீட்டுக்காரரும், 'ஐயா சொல்றாருல்ல, அனுப்பு'ன்னாரு. பாடுச்சு. பரிசும் குடுத்தாக. தலையச் சுத்துதுன்னு மூஞ்சி கழுவப் போன பிள்ளதேன்."

"அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை" என்றேன்.

"எங்க வீட்டுக்காரரும் சொல்லலை. காய்ச்சல்னு வாயத் தொறக்காதேன்னு எங்கிட்டச் சொல்லிப்புட்டாரு. ஐயாவுக்கு வேலை போயிருமாம். போலீசுகாரக வந்தப்ப நான் தலைய ஆட்டிக்கிட்டு நின்னேன்."

மொச்சையை உரித்துத் தீர்த்துவிட்டார். வெறும் தோலைக் கிளறிக்கொண்டே சொன்னார்.

"வருசா வருசம் வந்தாரு. சோறு ஆக்கி, வெஞ்சனம் வச்சுப் போட்டேன். வீட்டுக்கு வந்தவுகளுக்குப் போடாம இருக்க ஏலுமா? சாப்பிட்டு முடிச்சு அந்தப் பாட்டைப் பாடுவாரு. எம்மக கடைசியாப் பாடுன பாட்டை. நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போயிருவேன். கதவு பாட்டை நிப்பாட்டுமா? ஆத்தாமைக்கு வாராருன்னு எனக்கும் தெரியும். அவருக்கு ஆறுச்சு. எங்க வீட்டுக்காரருக்கும் ஆறுச்சு. என்னைய ஒருத்தரும் கேக்கலை. வராதீகன்னு ஒரு வார்த்தை நானே சொல்லியிருக்கணும், சொல்லலை. நல்ல மனுசன்தேன் அவரு. அதான் சொல்ல முடியல."

புஷ்பம், நான் அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"கல்லுல பேரு வெட்டப் போறாகளாமே. எம்பிள்ள பேரு அவரு பேரோட வேணாமப்பு. ஒங்க தங்கச்சி நல்ல பிள்ளை, மனசு நொந்துரும்னு சொல்லாம இருக்கேன். நீங்களாச்சும் சொல்லுங்க. இனிமே யாரும் வரவேணாம்."

சரி என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சுருளிவேல் வரும்வரை காத்திருக்கவில்லை. அவரிடம் சொல்ல வந்த வார்த்தையைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ரயிலில் வரும்போது ஒன்றுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த அம்மா எனக்கு நன்றி சொன்னார். நான் அவருக்காகவா பாட்டை நிறுத்தினேன்? என் கௌரவத்துக்காக நிறுத்தினேன். எனக்கு அந்தக் கும்பிடு வேண்டாம்.

கல்லை நிறுத்திவிடு. இதை அண்ணன் என்ற அதிகாரத்தில் சொல்லவில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டனிராஜ்


திண்டுக்கல்
17.11.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

ஊருக்கு வந்துவிட்டு என் வீட்டுக்கு வராமல் போனதற்கு உங்களோடு தனியாகச் சண்டை போடவேண்டும். அது இப்போது இல்லை.

கல்லை எடுத்துவிட்டேன். வெட்டி முடித்து, மண்டபத்துத் தூணில் சாய்த்து வைத்திருந்தார்கள். பதிக்கவிருந்த கொத்தனார் ஒச்சப்பனையே கூட்டிக்கொண்டு போய், வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெயர்களைச் செதுக்கி எடுக்கச் சொல்லிவிட்டேன்.

நான் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். போன வருஷம் அப்பா பாட ஆரம்பித்ததும் சின்னக்கண்ணு அம்மா எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம்கூட எனக்குக் கேட்டது. கதவுக்கு வெளியே இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு பாடியது எனக்குப் போதுமானதாக இருந்தது. உங்களை ஜெயிக்கவேண்டும் என்று இருந்தேன் அண்ணே. அதனால் கதவை விட்டுவிட்டு மீதியை எழுதினேன். கொஞ்ச நாளில் நான் எழுதியதை நானே நம்பிவிட்டேன்.

கல்லை எடுத்த அன்று சுருளிவேல் தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். என்ன காரணம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்கதவு திறந்திருந்தது, உள்ளே அந்த அம்மா இருந்தார். அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. "எங்களுக்கு இப்படிச் செய்வதுதான் சரி என்று படுகிறது" என்று மட்டும் சொன்னேன்.

"வாத்தியாரை நீங்களே கைவிட்டீகளா?" என்று கேட்டார். "அவரும் வரமாட்டாரு, நீங்களும் வரமாட்டீகன்னா, நான் யார்கூட அம்மா பாடுறது? எனக்கும் அவதானே மக?"

அவருக்கு அந்தப் பாட்டு வேண்டும். அந்த அம்மாவுக்கு அது வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருபத்தைந்து வருஷமாக இருக்கிறார்கள். இதில் நான் யாரை நல்லவர், யாரைக் கெட்டவர் என்பது? அப்பாவை என்ன சொல்வது என்றே எனக்கு இன்னும் தெரியவில்லை. காய்ச்சல் பிள்ளையைப் பாடவைத்தவர் அவர். அதைச் சுமந்துகொண்டு சேற்றில் நடந்தவரும் அவர்தான்.

காரில் ஏறிய பிறகு என்னவோ தோன்றி மறுபடி இறங்கினேன். சுருளிவேலைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "குருபூசை அன்னைக்கு நீங்க திண்டுக்கல்லுக்கு வாங்கய்யா. அப்பா கல்லறைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பாடுங்க. எங்க அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்றேன்.

உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். பங்குச்சாமியாரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதித்துவிட்டார். சுருளிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒம்போது மணி பஸ்ஸுக்கு வாரேன்" என்றார்.

வரட்டும் அண்ணே. பாடட்டும். அங்கே பாடினால் சின்னக்கண்ணு அம்மாவுக்குக் கேட்காது.

புஷ்பமேரி